நேரில் கண்ட சாட்சியின் உறுதியை நீதிமன்றம் எந்த அளவுக்கு நம்பலாம்? உளவியல் ஆய்வுகளுக்குத் தீர்ப்பில் உள்ள இடம் குறித்து ஒரு கேள்வி

துலாக்கோல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் நான், ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்காகச் சில மாதங்களாகக் குற்றவியல் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் படித்து வருகிறேன். கொள்ளை, கொலை, பாலியல் வன்முறை என எவ்வகை வழக்காக இருந்தாலும், நேரில் கண்ட சாட்சியை நம்புவதற்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரே கருத்து சிற்சில சொல் மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. சாட்சி தடுமாறவில்லை, எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, தயக்கமின்றிச் சுட்டிக்காட்டினார், குறுக்கு விசாரணையிலும் அவருடைய உறுதி குலையவில்லை, ஆகவே அவர் சொல்வதை ஏற்கலாம் என்பதே அது.

தொடக்கத்தில் இது எனக்கு இயல்பான வாதமாகவே தோன்றியது. நினைவாற்றலைப் பற்றிய உளவியல் ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கிய பிறகு, அந்த வாதத்தின் அடித்தளத்தையே ஐயுறத் தொடங்கியிருக்கிறேன். ஒருவர் உறுதியாகச் சொல்வதும் அவர் நினைவு சரியாக இருப்பதும் வேறு வேறு என்று அந்த ஆய்வுகள் காட்டுவதாகப் புரிந்துகொள்கிறேன். அப்படியானால், சாட்சியின் உறுதிக்கு எந்த மதிப்பும் தர வேண்டியதில்லையா? மதிப்புத் தரலாம் என்றால், எப்போது, எந்த அளவுக்கு?

இதோடு ஒரு கவலையும் இருக்கிறது. பல வழக்குகளில், குறிப்பாகப் பாலியல் குற்ற வழக்குகளில், பாதிக்கப்பட்டவரிடம் தன் நினைவைத் தவிர வேறு சான்று எதுவும் இருப்பதில்லை. நினைவு பிழைபடும் என்று நீதிமன்றத்தில் ஓங்கிச் சொல்லச் சொல்ல, உண்மையைச் சொல்லும் அந்த ஒருவரின் குரலும் சேர்ந்தே வலுவிழக்காதா? இதற்கு விடை தெரியாமல் உளவியலின் பக்கம் முழுதாகச் சாய எனக்கு மனம் வரவில்லை. துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நினைவுத்தடம் (மறுமொழி)

நினைவாற்றல் ஆய்வில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் விடை சொல்ல முயல்கிறேன். சாட்சியின் உறுதிக்கும் அவர் சொல்வதன் சரிதவறுக்கும் பெரிய தொடர்பில்லை என்பது எங்கள் துறையில் நெடுங்காலம் நிலவிய கருத்து. இன்று அதை அப்படியே சொல்வது பிழையாகும். எந்த நேரத்து உறுதி என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதை விளக்க ரொனால்ட் காட்டன் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவி தன் வீட்டிலேயே பாலியல் வன்முறைக்கு உள்ளானார். பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்தக் கொடிய நேரத்திலும் அவர் தாக்கியவனின் முகத்தை உன்னிப்பாகக் கவனித்தார். பிறகு காவல்துறையினர் ஒளிப்படங்களைக் காட்டியபோது, சில நிமிடங்கள் தயங்கி, இரண்டு படங்களுக்கிடையே மாறி மாறிப் பார்த்து, இறுதியில் காட்டனின் படத்தைத் தேர்ந்தெடுத்தார். சரியாகச் செய்தீர்கள் என்ற பொருளில் அவருக்கு ஆறுதல் சொல்லப்பட்டது. அடுத்து, சந்தேகத்துக்குரியவரை வேறு சிலரோடு வரிசையாக நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் நேரடி அடையாள அணிவகுப்பு நடந்தது. ஒளிப்படங்களிலும் அணிவகுப்பிலும் இடம்பெற்றிருந்தவர் காட்டன் ஒருவரே. அவரையே மாணவி மீண்டும் சுட்டினார். நீங்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்தவரும் இவர்தான் என்று அப்போதும் அவரிடம் கூறப்பட்டது. நீதிமன்றத்துக்கு வந்தபோது அவரிடம் ஐயம் ஒரு துளியும் எஞ்சியிருக்கவில்லை. 1987இல் நடந்த இரண்டாம் விசாரணையின்போது உண்மைக் குற்றவாளியே அவர் முன் நிறுத்தப்பட்டும், இவரை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னார். 1995இல் டிஎன்ஏ சோதனை காட்டனின் குற்றமின்மையை மெய்ப்பிக்கும் வரை அவர் பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் நினைவிலிருந்த முகத்தின் இடத்தில், அணிவகுப்பிலும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்பப் பார்த்த காட்டனின் முகம் குடியேறிவிட்டது. நினைவு என்பது பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய ஒளிப்படம் அன்று. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டியெழுப்புகிறது, இடையில் கேட்டதும் பார்த்ததும் அந்தக் கட்டுமானத்தில் கலந்துவிடுகின்றன. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்ததே. ஒரே கார் விபத்துப் படக்காட்சியைப் பார்த்தவர்களிடம், கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்டால் 31.8 மைல் என்றார்கள். வேறு பங்கேற்பாளர்களோடு நடத்திய அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, வலிய சொல்லால் வினவப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகக் கூறினர். படக்காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை.

உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமானது கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. உண்மைக் குற்றவாளியின் படமே இல்லாத ஒரு தொகுப்பிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்படி பங்கேற்பாளர்கள் கேட்கப்பட்டனர். ஆகவே அனைவருடைய தேர்வும் தவறானது. அவர்களுள் சிலரிடம் மட்டும், நீங்கள் சரியான ஆளைத்தான் அடையாளம் காட்டினீர்கள் என்று ஒரு வரி சொல்லப்பட்டது. அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர்களுடைய உறுதி உயர்ந்தது. அதோடு நிற்காமல், சம்பவத்தின்போது முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாகவும் நன்கு கவனித்ததாகவும் அவர்கள் நினைவுகூரத் தொடங்கினர். உறுதி, பார்த்த தெளிவு, கவனம் ஆகிய மூன்றுமே 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீல் எதிர் பிகர்ஸ் வழக்கில் சாட்சியின் நம்பகத்தன்மையை அளக்கச் சொன்ன அளவுகோல்களில் உள்ளவை. அதிகாரியின் ஒரு வரி அந்த அளவுகோல்களையே வளைத்துவிடுகிறது.

மறுபுறம், ஜான் விக்ஸ்டெட்டும் கேரி வெல்ஸும் 2017இல் இணைந்து எழுதிய ஆய்வுரை, அணிவகுப்பு முறையாக நடத்தப்பட்டிருந்தால், முதன்முறை அடையாளம் காட்டும் அந்தக் கணத்தில் சாட்சி வெளிப்படுத்தும் உறுதி நல்ல வழிகாட்டி என்று நிறுவுகிறது. அங்கே உயர்ந்த உறுதி பெரும்பாலும் சரியான அடையாளத்தோடு சேர்ந்தே வருகிறது. தயக்கம் ஓர் எச்சரிக்கையாக அமைகிறது. காட்டன் வழக்கிலும் அந்த எச்சரிக்கை முதல் நாளே வந்திருந்தது, அதற்கு எவரும் எடைதரவில்லை. மாதங்கள் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது இருக்கும் உறுதி இடைக்காலத்தில் நடந்தவற்றால் ஊட்டி வளர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அதற்குத் தனி மதிப்புத் தரக்கூடாது என்பது என் கருத்து.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சந்தேகத்துக்குரியவர் யார் என்று அறியாத அதிகாரியே அணிவகுப்பை நடத்த வேண்டும். குற்றவாளி இவர்களுள் இல்லாமலும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சாட்சியிடம் கூற வேண்டும். உடன் நிற்பவர்கள் சாட்சி சொன்ன அங்க அடையாளங்களுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். சாட்சி வாய் திறந்து சொன்ன முதல் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் அல்லது ஒளிப்பதிவு செய்ய வேண்டும். நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 2011இல் ஹென்டர்சன் வழக்கில் இந்த ஆய்வுகளை விரிவாக எடைபோட்டு, அடையாளச் சான்றை ஆராயும் முறையையே மாற்றியமைத்தது.

உங்கள் கவலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தானின் நிறத்தை முதல் முறை ஒரு விதமாகவும் அடுத்த முறை வேறு விதமாகவும் சொன்னார் என்பதற்காக ஒரு பெண்ணைப் பொய்யர் என்று குறுக்கு விசாரணையில் சித்திரிப்பதற்கும் இதே அறிவியல் மறுப்புத் தருகிறது. அச்சத்தின் உச்சத்தில் மனம் மையத்தைப் பற்றிக்கொண்டு ஓரங்களை நழுவவிடுவது இயல்பு. ஓரத்தில் முரண்பாடு இருப்பதால் மையமும் பொய்யாகிவிடாது. ஒருவர் தமக்குத் தெரிந்தவரைப் பற்றிச் சொல்லும் வழக்கில், முன்பின் அறியாதவரை அடையாளம் காட்டும் ஆய்வுகளைக் கொண்டுவந்து பொருத்துவதும் தவறு. நினைவு பிழைபடும் என்று பொதுவாகச் சொல்வது எந்த வழக்குக்கும் பயன்படாது. எந்தச் சூழலில், எந்தப் பகுதி, எதனால் பிழைபடும் என்று பிரித்துச் சொல்வதே எங்கள் துறையின் வேலை.

எதிர்வழக்காடி (மறுமொழி)

நினைவுத்தடம் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. குற்றவியல் வழக்குகளில் எதிர்தரப்புக்காக வாதாடுபவன் நான். சாட்சியின் நினைவைவிட எனக்கு அதிகத் துயரம் தந்தது ஒப்புதல் வாக்குமூலம். தொழிலுக்கு வந்த புதிதில், செய்யாத ஒருவன் செய்தேன் என்று ஏன் சொல்லப்போகிறான் என்று நானே என் கட்சிக்காரர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த அறையிலிருந்து வெளியே வர வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்றார். அந்த விடையை நான் முழுமையாக விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

சால் கேசினும் கேத்தரின் கீகெலும் 1996இல் வெளியிட்ட ஆய்வு அதை விளங்கவைத்தது. கணினியில் எழுத்துகளைத் தட்டச்சு செய்த மாணவர்களிடம் ஒரு குறிப்பிட்ட விசையை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. சிறிது நேரத்தில் கணினி நின்றுபோக, நீங்கள் அந்த விசையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பழி சுமத்தப்பட்டது. உண்மையில் எவரும் தொடவில்லை. ஆயினும் 69 விழுக்காட்டினர் தாம் தொட்டதாக எழுதப்பட்ட தாளில் கையெழுத்திட்டனர். 28 விழுக்காட்டினர் தாம் அதைச் செய்ததாக நம்பவே தொடங்கினர். வேகமாகத் தட்டச்சு செய்யவைக்கப்பட்டு, நான் பார்த்தேன் என்று ஒருவர் பொய்ச்சாட்சியும் சொன்ன பிரிவில் கையெழுத்திடாதவர் ஒருவர்கூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்கு இழப்பு பெரிதாக ஒன்றும் இல்லை என்பது உண்மையே. ஆனால் காவல் விசாரணை அறையில் உறக்கமின்மை, தனிமை, அச்சம், ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. 1989ஆம் ஆண்டு நிகழ்ந்த நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பாலியல் வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஐவரும் 14 முதல் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்கள். அவர்களுள் நால்வர் ஒளிப்பதிவில் ஒப்புதல் அளித்திருந்தனர். டிஎன்ஏ அவர்களோடு பொருந்தவில்லை என்பது விசாரணையின்போதே தெரிந்திருந்தும் ஒப்புதலே வென்றது. உண்மைக் குற்றவாளி முன்வந்து, அவருடைய டிஎன்ஏவும் பொருந்திய பிறகு, 2002இல்தான் அந்தத் தண்டனைகள் நீக்கப்பட்டன.

ஒப்புதல் வந்துவிட்டது என்ற செய்தி மற்றச் சான்றுகளையும் தொற்றிக்கொள்கிறது என்பது என்னைப் பெரிதும் அச்சுறுத்தும் செய்தி. ஒப்புதலைப் பற்றிக் கேள்விப்பட்ட சாட்சிகள், தாம் முன்பு அடையாளம் காட்டியவரை விட்டு வேறொருவரைக் காட்டுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைரேகை வல்லுநர்களும் இதற்கு விலக்கு அல்லர். 2004 மாட்ரிட் குண்டுவெடிப்பில் கிடைத்த கைரேகை, அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பின் வல்லுநர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் காவல்துறை கண்டறிந்த பிறகுதான் அவர் விடுவிக்கப்பட்டார். இத்தியல் டிரோர் குழுவினர் இந்த நிகழ்வையே ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். ஐந்து வல்லுநர்களிடம், அவர்கள் ஒவ்வொருவரும் பல ஆண்டுகளுக்கு முன் பொருந்துகிறது என்று தாமே முடிவு செய்திருந்த ரேகைகளைக் கொடுத்து, இவைதான் மேஃபீல்டு வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்டவை என்று சொன்னார்கள். ஐவரில் நால்வர் தம் பழைய முடிவில் நிற்கவில்லை. ரேகை மாறவில்லை, அதைச் சுற்றிச் சொல்லப்பட்ட கதைதான் மாறியது.

இதற்கான மருந்து சட்டத்திலேயே சில இடங்களில் இருக்கிறது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விதித்தது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்கிறது. உளவியல் ஆய்வுகள் தோன்றுவதற்கு முன்பே அனுபவத்தால் எட்டிய அறிவு அது. இங்கிலாந்தும் வேல்ஸும் வேறு வழியில் சென்றன. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் நடைமுறை வந்தது. 1990களின் தொடக்கத்தில், ஒப்புதலைப் பறிப்பதை விட்டுத் தகவலைத் திரட்டுவதை நோக்கமாகக் கொண்ட விசாரணை முறையைக் காவலர்களுக்குப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலோ, சான்று இருப்பதாகப் பொய் சொல்லி விசாரிப்பதை 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று அனுமதித்தது. சிறார்களிடம் அப்படிப் பொய் சொல்வதை முதலில் தடை செய்த இல்லினாய் மாநிலம் அதைச் செய்ததே 2021இல்தான்.

நடுவுநிலை (மறுமொழி)

விசாரணை நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேலே எழுதிய இருவரும் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும், தீர்ப்பு எழுத வேண்டியவன் இடத்திலிருந்து ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

உளவியல் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நீதிமன்றம் ஒரே ஒருவரைப் பற்றி முடிவு செய்கிறது. நூறு சாட்சிகளில் இத்தனை பேர் தவறுவார்கள் என்ற செய்தி, என் முன் நிற்கும் சாட்சி அந்த இத்தனை பேரில் ஒருவரா என்பதைச் சொல்லாது. இந்தச் சிக்கல் புதிதன்று. ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் ஹியூகோ முன்ஸ்டர்பெர்க் 1908இலேயே, சட்டத்துறையினர் தம் அறிவியலைப் புறக்கணிப்பதாகக் குறைகூறினார். சாட்சியச் சட்டத்தில் பேரறிஞரான ஜான் விக்மோர் அதற்கு அடுத்த ஆண்டு கடுமையாக மறுமொழி எழுதி, நீதிமன்றம் பயன்படுத்தத் தக்க எதை உங்கள் துறை இதுவரை தந்திருக்கிறது என்று கேட்டார். அன்று அந்தக் கேள்வி நியாயமானது. இன்று தர ஏராளம் இருக்கிறது என்றாலும், எந்தப் பொருளைப் பற்றித் தருகிறது என்பதைப் பொறுத்தே அதை ஏற்க வேண்டும் என்பேன்.

ஓர் ஆளின் எதிர்காலத்தைப் பற்றிச் சொல்ல உளவியலையோ மனநல மருத்துவத்தையோ அழைத்தபோது நேர்ந்ததை 1983ஆம் ஆண்டு பேர்ஃபுட் எதிர் எஸ்டெல் வழக்கில் காணலாம். டெக்சாஸ் மாநிலத்தில் மரண தண்டனை விதிப்பதற்கு, அந்த நபர் இனியும் வன்முறையில் ஈடுபடுவாரா என்ற கேள்விக்கு விடை வேண்டும். இரண்டு மனநல மருத்துவர்கள், அவரை ஒருமுறைகூட நேரில் பரிசோதிக்காமல், கற்பனையாக முன்வைக்கப்பட்ட விவரங்களை மட்டும் கேட்டுவிட்டு, ஈடுபடுவார் என்றனர். அவர்களுள் ஒருவர் நூற்றுக்கு நூறு உறுதி என்றார். இத்தகைய நீண்டகாலக் கணிப்புகளில் மூன்றில் இரண்டு தவறாகிவிடுகின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே உச்ச நீதிமன்றத்தில் எழுத்து மூலம் தெரிவித்தும், அந்தச் சாட்சியத்தை ஏற்கலாம் என்றே தீர்ப்பு வந்தது. மனத்துக்குள் இருப்பதைக் கருவி கொண்டு பறித்தெடுக்கும் முயற்சிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. உண்மை கண்டறியும் மருந்துச் சோதனை, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் இசைவின்றி நடத்தக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. அது சரியான எல்லைக்கோடு என்று நம்புகிறேன்.

ஆனால் அதே உளவியல் எங்களைப் பற்றி, அதாவது தீர்ப்பளிப்பவர்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்க நாங்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சாட்சியின் முகத்தைப் பார்த்தே பொய்யை அறிந்துவிடலாம் என்று நானும் நம்பியிருந்தேன். பார்வை தாழ்ந்தது, குரல் நடுங்கியது என்று தீர்ப்புகளில் எழுதியும் இருக்கிறேன். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல், 24,000க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் மனிதர்கள் சராசரியாக 54 விழுக்காடு அளவுக்கே சரியாக இருந்தார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. குரல் நடுங்குவதற்கு நீதிமன்றத்தைக் கண்ட அச்சமே போதும் என்பதை இன்று நினைத்துப் பார்க்கும்போது, என் பழைய தீர்ப்புகளில் சில என்னை உறங்கவிடுவதில்லை.

தண்டனை அளவும் அப்படித்தான். ஜெர்மனியில் பிர்டே எங்லிஷும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சட்டத்துறையினரிடம் கடைத்திருட்டு வழக்கொன்றைக் கொடுத்துப் பகடை உருட்டச் சொன்னார்கள். 3 அல்லது 9 மட்டுமே விழும்படி பகடைகள் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தன. வந்த எண்ணை அரசுத்தரப்பு கோரும் மாதங்களாகக் கருதும்படி கூறப்பட்ட அவர்களில், 3 வந்தவர்கள் சராசரியாக ஐந்து மாதங்களுக்குச் சற்று மேலாகவும் 9 வந்தவர்கள் ஏறத்தாழ எட்டு மாதங்களாகவும் தண்டனை சொன்னார்கள். அந்த எண் தற்செயலானது என்பதை அறிந்திருந்தும் அது அவர்களை இழுத்தது.

இன்னொரு ஆய்வைப் பற்றிச் சற்று எச்சரிக்கையாகப் பேச வேண்டும். உணவு இடைவேளைக்கு முன் நீதிபதிகள் பரோலை ஏறத்தாழ மறுத்தேவிடுகிறார்கள், இடைவேளை முடிந்ததும் தாராளமாகிறார்கள் என்று 2011இல் இஸ்ரேலிலிருந்து வெளிவந்த முடிவை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வழக்குகள் எடுக்கப்பட்ட வரிசை தற்செயலானது அன்று, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே வந்தன என்ற வலுவான மறுப்பு அதே ஆண்டில் வந்தது. கேட்டவுடன் மனத்தைக் கவ்வும் ஆய்வைத்தான் அதிகம் ஐயுற வேண்டும். இந்த நெறி சாட்சிக்குப் பொருந்துவது போலவே அறிவியலுக்கும் பொருந்தும்.

நினைவுத்தடம்

நடுவுநிலை ஐயா அவர்களுக்கு ஒரே ஒரு மறுப்பு. கூட்டத்தைப் பற்றிய அறிவு தனி ஒருவருக்குப் பயன்படாது என்பது எல்லா இடத்திலும் உண்மையாகாது. 2005இல் ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில், 18 வயதுக்குக் குறைவான பருவத்தில் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்தப் பருவத்தினரிடம் பொதுவாகக் காணப்படும் முதிர்ச்சியின்மை, மற்றவர்களின் தூண்டுதலுக்கு ஆளாகும் தன்மை, இன்னும் உருப்பெறாத குணம் ஆகியவற்றையே அடிப்படையாகக் கொண்டது. சட்டம் கோடு கிழிக்கும் இடங்களில் சராசரி அறிவுக்கு முறையான இடம் உண்டு. ஆனால் அந்தக் கோட்டுக்கு இப்பாலோ அப்பாலோ நிற்கும் ஒருவர் நாளை என்ன செய்வார் என்று அதே சராசரியை வைத்துச் சொல்லக்கூடாது என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

மழலைமொழி (மறுமொழி)

குழந்தைச் சாட்சிகளிடம் பேசுவதே என் பணி. துலாக்கோல் அவர்களின் கவலை என்னுடையதும் என்பதால் எழுதுகிறேன்.

1980களில் கலிஃபோர்னியாவில் மழலையர் பள்ளியொன்றில் குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக எழுந்த மக்மார்ட்டின் வழக்கில், நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் தூண்டும் கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பல ஆண்டுகள் நீடித்த அந்த வழக்கு 1990இல் ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. அந்த விசாரணைகளில் கையாளப்பட்ட முறைகளைச் சேனா கார்வெனும் அவருடைய குழுவினரும் 1998இல் சோதித்துப் பார்த்தார்கள். மற்றக் குழந்தைகள் இதைச் சொல்லிவிட்டார்கள் என்பது, விரும்பிய விடைக்குப் பாராட்டுவது, விரும்பாத விடைக்கு ஏமாற்றம் காட்டுவது ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்டபோது, நடக்காதவற்றைப் பற்றிய கேள்விகளுக்குக் குழந்தைகள் 58 விழுக்காடு ஆம் என்றார்கள். தூண்டும் கேள்வியை மட்டும் கேட்டபோது அது 17 விழுக்காடாக இருந்தது. இந்த மாற்றத்துக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

குழந்தைகள் நம்பத்தகாதவர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பெரும் அநீதி. என்ன நடந்தது என்று சொல்லம்மா என்று கேட்டுவிட்டு வாய் மூடிக் காத்திருந்தால், மிகச் சிறிய குழந்தைகளும் தாம் அனுபவித்ததைச் சரியாகவே சொல்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சுருக்கத்தைப் பொறுக்க முடியாமல் பெரியவர்கள் இடையில் எடுத்துக்கொடுக்கும் சொற்களே பின்னால் குறுக்கு விசாரணையில் குழந்தைக்கு எதிராகத் திரும்புகின்றன. மைக்கேல் லாம்பும் அவருடைய உடன் பணியாளர்களும் வகுத்த நேர்காணல் முறையில், முதலில் வேறு ஏதாவது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவைத்துப் பழக்குகிறோம். தெரியாது என்று சொல்வது தவறில்லை என்று கற்பிக்கிறோம். திறந்த கேள்விகள் தீர்ந்த பிறகே குறிப்பான கேள்விக்கு வருகிறோம். குழந்தையின் சொல்லுக்கு நீதிமன்றத்தில் காப்பாக அமைவது இந்தப் பொறுமையே என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

துலாக்கோல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. என் கவலைக்கு நான் எதிர்பாராத திசையிலிருந்து விடை கிடைத்தது. நினைவை ஐயுறுவதா, பாதிக்கப்பட்டவரை நம்புவதா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியிருந்தேன். முதல் நாளில் அவரிடம் எப்படிப் பேசினார்கள், அவர் சொன்னதை எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதைக் கேட்டால், அந்த எதிர்நிலை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

நினைவுத்தடம் அவர்களின் மறுமொழியைப் படித்த பிறகு, என் கட்டுரைக்காக எடுத்து வைத்திருந்த தீர்ப்புகளை மீண்டும் ஒருமுறை புரட்டினேன். அடையாள அணிவகுப்பு நடந்ததாகக் கூறப்பட்ட ஒவ்வொன்றிலும், சாட்சி அந்தக் கணத்தில் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், அவர் தேர்ந்தெடுத்த பிறகு அங்கிருந்தவர்கள் அவரிடம் என்ன சொன்னார்கள் என்று தேடினேன். ‘அடையாளம் காட்டினார்’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சொற்கள் வழக்குக் கோப்பில் இருந்து தீர்ப்பில் மட்டும் விடுபட்டனவா, அல்லது எவரும் எழுதியே வைக்கவில்லையா என்பதை அறிய விரும்புகிறேன். மூல ஆவணங்களைப் பார்த்த அனுபவமுள்ள வழக்கறிஞர்கள், தம் வழக்குகளின் அணிவகுப்புக் குறிப்புகளில் சாட்சியின் முதல் சொற்கள் இருந்தனவா என்று மட்டும் இங்கே தெரிவித்தால், கட்டுரையின் அடுத்த பகுதியை அதிலிருந்தே தொடங்குவேன்.